சந்தனம் வைத்த துவக்கு

எங்கள் தோட்டத்துப் பெரிய பங்களா இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டலாகிவிட்டது. போன மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்காக எங்கள் பக்கத்து ஆசிரியைகள் சிலரை அங்கே அழைத்திருந்தார்கள். நானும் போனேன். இடைவேளையில் தேத்தண்ணி குடிக்க முன் அறைக்குப் போனால், கணப்படுப்புக்கு மேலே சுவரில் அந்தத் துவக்கு மாட்டியிருக்கிறது. கட்டைக்கு வார்னிஷ் அடித்து, இரும்புக்கு எண்ணெய் போட்டு, கீழே ஒரு சின்ன அட்டையும் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத் துவக்கு, இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது என்று அதில் மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. கூட வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நீயும் வா என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன். இத்தனை வருடத்தில் ஆறியிருக்கும் என்று நினைத்த கோபம் கொஞ்சமும் ஆறவில்லை.

நல்ல நிலையில் இருக்கிறதாம். அது என்றைக்குமே நல்ல நிலையில்தான் இருந்தது. வினையே அங்கேதான் தொடங்கியது.

அப்போது எனக்குப் பத்து வயது. வடக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லி, டவுனில் கொடி கட்டிப் பாற்சோறு கொடுத்து ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். சண்டை எங்கள் மலைக்கு வரவே இல்லை. ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் அப்பா அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்திருப்பார். நான் சத்தமாகத் தமிழில் பேசினால் அம்மா தொடையில் கிள்ளுவார். சண்டை முடிந்த பிறகும் அந்தக் கிள்ளு நிற்கவில்லை. அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். அப்பா ஸ்டோரில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். தேயிலை ஃபேக்டரியை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ரோலர் நின்றால் அப்பா, கொழுந்து வாட்டும் விசிறி கத்தினால் அப்பா. அது போதாதென்று தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் குழாய் ஒழுகினாலும், துரைசாணியின் தையல் மெஷின் இறுகினாலும், நாய்க்கூண்டின் கதவு தொங்கினாலும் அப்பாதான். பங்களாவிலிருந்து ஒரு சாமான் வந்தால் ரெண்டு கையாலும் வாங்க வேண்டும். முடியாது, தெரியாது, நேரமில்லை என்ற மூன்றையும் சொல்லக் கூடாது. இது எங்கேயும் எழுதி வைக்கப்பட்ட சட்டமில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

அந்தத் துவக்கும் அப்படித்தான் வந்தது. பங்களா சமையற்காரர் ஒரு சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே துரை வந்தார். வந்தார் என்றுதான் எழுத வருகிறது. வந்தான் என்று எழுத ஆசை. ஆனால் சின்ன வயதிலேயே ஊட்டிய மரியாதை விரல் நுனிவரை இறங்கிக் கிடக்கிறது, என்ன செய்ய. கொழும்பிலிருந்து அவருடைய சிநேகிதர்கள் வரப் போகிறார்களாம். கீழ்ப் பள்ளத்தில் கிழங்குத் தோட்டத்தைக் கிளறும் காட்டுப் பன்றிகளைச் சுட்டுக் காட்ட வேண்டுமாம்.

"பிட்டர், தோட்டா ஒழுங்கா உள்ளுக்குப் போறது இல்லை. ஒண்ணு போகும், அடுத்தது மாட்டும். நல்லா பாரு," என்றார். துரைமாருக்குத் தமிழ் தெரியும். பாரு, செய், போ, வா என்ற அளவுக்குத் தெரியும்.

அப்பா துவக்கைச் சாக்கோடு வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டார். நிஜத் தோட்டா வேண்டாங்க தொரை, சுட்டு முடிஞ்ச வெறும் கோது இருந்தா அஞ்சு குடுங்க என்றார். அப்பாவின் வொர்க்‌ஷொப்புக்கும் ரோலர் அறைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அந்தப் பக்கம் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அந்த ஐந்து பித்தளைக் கோதுகளுக்கும் கொய்யாக் கட்டையைக் கடைந்து தலை செய்து மாட்டினார். கையில் எடுத்துப் பார்த்தால் அசல் தோட்டாதான். வெடிக்காது, அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று என் அப்பா செய்த காரியம் அது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. அன்றைக்கும் போத்தலோடு போய் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். அப்பா தோட்டாப் பெட்டியைத் துவக்கிலிருந்து கழற்றினார். உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, அமுக்கி விட்டுப் பார்த்தார். துள்ளி எழுந்தது. பெட்டியின் வாய் எங்கேயாவது நெளிந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். நெளியவில்லை. தோட்டா ஏறிப்போகும் சரிவில் பிசிறு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். அதுவும் இல்லை. அப்புறம் ஐந்து கட்டைத் தோட்டாவையும் போட்டுப் போல்ட்டை முன்னே தள்ளினார். ஒன்று போனது. இரண்டாவது நட்டநடுவில் மாட்டிக்கொண்டது. துரை சொன்னபடியேதான்.

அப்பா வேலை செய்யும்போது இரும்போடுதான் பேசுவார், மனிதர்களோடு பேச மாட்டார். "என்னடா உனக்கு, எங்க பிடிக்கிது," என்று அதைக் கேட்டார். மாட்டியதை அப்படியே வைத்துக் குனிந்து பார்த்தார். அந்தத் தோட்டாவுக்கு அடியில், சட்டி வாய்க்கு இருப்பதுபோல, ஒரு விளிம்பு உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதற்கு முன்னால் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் இருந்தால் கீழே இருப்பது அதைப் பிடித்து நிறுத்திவிடும். அப்பா ஐந்தையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் முன்னுக்குத் தள்ளி அடுக்கினார். போல்ட்டை இழுத்துத் தள்ள, இழுத்துத் தள்ள, ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய் வெளியே விழுந்தன. பத்துத் தரம் செய்தார். பத்துத் தரமும் போயின. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தேத்தண்ணி இன்னும் சூடாக இருந்தது.

அப்பா சிரித்தார். துவக்கில் ஒரு கோளாறும் இல்லை. துரைக்குத் தோட்டா போடத் தெரியவில்லை.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அம்மாவும் சிரித்தார். அப்புறம், "அப்ப இன்னிக்கே குடுத்துட்டு வந்திருக்கலாமேங்க," என்றார்.

"குடுத்து என்னன்னு சொல்றது? தொரை, உங்களுக்குப் போடத் தெரியலன்னா? நாலு நாள் இருக்கட்டும். ஸ்பிரிங்கு தளர்ந்திருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு சொல்லி நானே அடுக்கிக் குடுத்துர்றேன். அவருக்கும் ஒரு மாதிரி இருக்காது."

அவருக்கு ஒரு மாதிரி இருக்கக் கூடாதாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாமேல்தான் முதலில் ஆத்திரம் வரும். ஒரு மனிதனின் மூஞ்சி சுருங்கக் கூடாது என்று, அவனுடைய துவக்கை நாலு நாள் தன் அலுமாரியில் வைத்துக் காப்பாற்றிய மடத்தனத்தை எங்கள் தோட்டங்களைத் தவிர வேறெங்கே பார்க்க முடியும்? தையல் மெஷினுக்கும் அப்பா அப்படித்தான் செய்தார். துரைசாணி ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தார். அப்பா அதை மூன்று நாள் வைத்திருந்துதான் திருப்பிக் கொடுத்தார். அப்போது யாரும் வந்து கைவிலங்கு மாட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாம் நாள் ஆயுத பூசை. ஸ்டோரில் அது பெரிய நாள். மெஷின்களைக் கழுவித் துடைத்து, ஸ்பேனர், சுத்தியல், அரம் எல்லாவற்றையும் சிவப்புத் துணி விரித்து அடுக்கி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். வொர்க்‌ஷொப்புக்குள் அன்றைக்கு இருக்கிற எந்த இரும்பையும் விடக் கூடாது. விட்டால் அந்த வருடம் அது யார் கையையாவது வெட்டும் என்று நம்பிக்கை. அதற்கு முந்தின வருடம் துரையின் நாய்க்கூண்டுக் கதவுகூடச் சந்தனத்தோடும் செவ்வந்திப் பூவோடும் ஒரு நாள் முழுக்க நின்றது. அதனால் துவக்கையும் அலுமாரியிலிருந்து எடுத்து வைத்தார்கள். சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தது நான்தான்.

தேயிலைத் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்த ஒரு பையன் புதிதாகக் கெமரா போன் வாங்கியிருந்தான். சாமி படத்துக்குக் கீழே, மாலை போட்ட துவக்கு. நல்லாயிருக்கே என்று எடுத்தான். படம் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போனது. மறுநாள் டவுனுக்கும் போனது. அதற்கு மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடி நிற்கும் நேரத்தில், பொலிஸ் ஜீப் வந்தது. எல்லார் முன்னாலும் அப்பாவை ஏற்றினார்கள். அலுமாரியில் ஒரு பால்மா டின் இருந்தது. அதற்குள் ஐந்து கட்டைத் தோட்டா.

துரை அன்றைக்குக் கொழும்பில். அம்மா கொழுந்துக் கூடையோடேயே ஆபீசுக்கு ஓடினார். பெரிய கிளாக்கர், துரை வரட்டும் என்றார். தொழிற்சங்கத் தலைவர், இது வேற மாதிரி கேசு, நாங்க தலைய விட முடியாது என்றார். தேர்தலுக்கு எங்கள் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் கும்பிட்ட தலைவர் அவர். கடைசியில் வந்தவர் டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த நானா ஒருவர்தான். அப்பா அவர் கடையில் ஆணியும் போல்ட்டும் வாங்குவார், அவ்வளவு பழக்கம்தான். முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். "பயப்படாதீங்க தங்கச்சி, நான் வந்து பேசுறன்," என்று கடையைச் சாத்திவிட்டு வந்தார். அம்மாவுக்குச் சிங்களம் வராது. எனக்கு நன்றாக வரும், பக்கத்துச் சிங்களக் கொலனிப் பிள்ளைகளோடு விளையாடியே பழகியிருந்தேன். அதனால் என்னையும் பொலிசுக்கு அழைத்துப் போனார்கள். முதல் நாள் உள்ளே விடவில்லை. இரண்டாம் நாள் துரை வந்த பிறகுதான் விட்டார்கள்.

மேசைமேல் துவக்கு கிடந்தது. நான் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் பால்மா டின். துரை நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா நின்றார். காலில் செருப்பில்லை, கீழ் உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

துரை லைசன்ஸைக் காட்டினார். துவக்கு தன்னுடையதுதான், பழுது பார்க்கத் தான்தான் கொடுத்தேன் என்று சிங்களத்தில் சொன்னார். சரி, முடிந்தது, அப்பாவோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் டின்னைத் துரையின் பக்கம் தள்ளினார். இதையும் நீங்கள்தான் கொடுத்தீர்களா என்றார். வெறும் கோதுதான் கொடுத்தேன் என்றார் துரை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவன் அதை வைத்து என்ன செய்தான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று தோளைக் குலுக்கினார்.

பன்னிரண்டு வருடம் தன் பங்களாவின் ஒவ்வொரு குழாயையும் கதவையும் சரி செய்தவனைப் பற்றி, நல்ல மனுசன் என்று இரண்டு வார்த்தை சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரவில்லை. அந்தத் தோள் குலுக்கலை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு கட்டைத் தோட்டாவை எடுத்து அப்பாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். இது பட்டாளத்தில் பழகுகிறவர்கள் செய்கிற சாமான், உனக்கு யார் பழக்கினது, எங்கே பழகினாய் என்று கேட்டார். நானா தமிழில் சொன்னார்.

"புள்ள வெளையாடச் செஞ்சேனுங்க," என்றார் அப்பா. "எனக்குத் துவக்குல என்னங்க தெரியும். தொரை குடுத்தாரு, எண்ணெ போட்டு வச்சேன். வேற ஒண்ணும் தெரியாதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் விளையாடவா? தொட்டதற்கே என் கையைத் தட்டிவிட்டவர் அவர்.

இன்ஸ்பெக்டர் துவக்கையும் ஐந்து தோட்டாவையும் அப்பாவின் பக்கம் தள்ளினார். போட்டுக் காட்டு என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது பார்க்கட்டும் என்று நினைத்தேன். துரையும் பார்க்கட்டும். அப்பா முதல் தோட்டாவை வைத்தார். இரண்டாவதை அதற்குப் பின்னால் இழுத்து வைத்தார். மூன்றாவதையும் அப்படியே. போல்ட்டைத் தள்ளினார். மாட்டிக்கொண்டது. எடுத்து மறுபடி போட்டார். மறுபடியும் மாட்டியது. மூன்றாம் தரம் ஒரு தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, மூக்குப் பின்பக்கம் இருக்கும்படி வைத்து அமுக்கினார். அமுக்கிவிட்டு எல்லாரையும் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். இவனிடம் போய்க் கொடுத்தேனே என்று தலையில் தட்டிக்கொண்டார்.

போடத் தெரியாதவன் சிரிக்கிறான், போடத் தெரிந்தவரைப் பார்த்து. என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து கத்தினேன்.

"அப்பா, அப்புடி இல்ல. மேல உள்ளது முன்னுக்கு வரணும். நீங்கதானே அன்னிக்கு..."

"மொகத கியன்னே?" என்றார் இன்ஸ்பெக்டர். என்ன சொல்கிறாள் என்று நானாவிடம் கேட்டார்.

நானா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. பிள்ளைக்குப் பசிக்கிறதாம், அப்பாவை வீட்டுக்கு வரச் சொல்லி அழுகிறது மாத்தயா என்று பச்சைப் பொய்யைச் சிங்களத்தில் சொன்னார். எனக்குத்தான் சிங்களம் தெரியுமே. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சிங்களத்திலேயே சொல்ல வாயைத் திறந்தேன். பளார் என்று வாயில் ஒரு அடி விழுந்தது. அம்மா. அதுவரை அம்மா என் முகத்தில் அடித்ததே இல்லை.

நான் அழுததைப் பார்த்து இன்ஸ்பெக்டரின் முகம் இளகியது. பிள்ளையை ஏன் அடிக்கிறீர்கள் என்று அம்மாவைத் திட்டினார். ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி எனக்குத் தின்ன ஒரு பணிஸ் வாங்கிவரச் சொன்னார். அப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். இந்த மடையனை அழைத்துக்கொண்டு போங்கள் என்றார். துரை துவக்கைத் தன் ஜீப்பில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வேலைக்கு வா, பிட்டர்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீப்பின் பின் இருக்கை காலியாக இருந்தது. நாங்கள் மழையில் நின்று டயகம பஸ் ஏறினோம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா மழைத்தண்ணி ஓடும் கான் ஓரமாகக் குந்தி வாந்தி எடுத்தார். அம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் கிட்டே போகவில்லை. நீங்க ஏன் பொய் சொன்னீங்க என்று தூரத்தில் நின்றே கேட்டேன். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு நான் வொர்க்‌ஷொப்புக்குத் தேத்தண்ணி கொண்டுபோகவில்லை. கடைக்குப் போனாலும் நானாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா கொடுத்த சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்தேன். துரை இந்தக் கதையைக் கிளப்பில் சொல்லி, கிளப்பிலிருந்து அது ஆபீசுக்கு வந்து, ஆபீசிலிருந்து லயத்துக்கு வந்தது. தோட்டாவைத் திருப்பிப் போட்ட பிட்டர் என்று அப்பாவுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் தலைக்கேறும். பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டுவேன். ஒரு நாள் அவர் காதில் விழும்படியாகவே சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் சரியாகச் சொன்னவர்களை டீச்சர் உட்காரச் சொல்வார். தப்பாகச் சொன்னவர்கள்தான் நிற்க வேண்டும். பொலிசிலும் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். என் அப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்று காட்டினால் உடனே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த ஐந்து தோட்டாவும் சரியாக உள்ளே போயிருந்தால் அந்தக் கட்டடத்திலிருந்து அவர் வெளியே வந்திருக்கவே மாட்டார். அது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், ஆணி விற்ற நானாவுக்கும் தெரியும். அந்த அறைக்குள் எங்கள் நாலு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.